தொழுகைக்கு இடைவேளை கேட்டால் முணுமுணுப்பு, தியானத்துக்கு மட்டும் கட்டாய வருகையா?

இரவுப்பணி

வணக்கம் நண்பர்களே. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஷிப்ட் மேற்பார்வை பார்க்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு சிக்கல் தலையில் விழுந்திருக்கிறது.

முதலாவது: குழுவில் ஒருவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்வர, அன்றைய மதிய இடைவேளையைக் கொஞ்சம் நீட்டித் தரச் சொல்கிறார். விட்ட நேரத்தை மாலையில் இருந்து ஈடுகட்டிவிடுகிறேன் என்கிறார். நல்ல வேலைக்காரர். ஆனால் அழைப்புகள் குவிகிற நேரம் அது. "அவருக்கு மட்டும் என்ன தனிச்சலுகை" என்று இப்போதே இரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள்.

இரண்டாவது: மேலிடம் "உள்ளமைதிப் பயிற்சி" என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. வாரம் ஒருமுறை, எல்லோரும் வர வேண்டும், வருகைப் பதிவும் உண்டு. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பயிற்சியாளர் சொல்லும் ஒலியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரபஞ்ச சக்திக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் மனதில் உள்ள பாரத்தை இறக்கி வைக்க வேண்டும். ஒரு பெண் ஊழியர் "என் நம்பிக்கைக்கு இது ஒத்துவராது" என்று வெளியே நிற்கிறார். "ஒத்துழைப்பதில்லை" என்ற குறிப்போடு அவர் பெயர் மேலே போயிருக்கிறது. மனிதவளத் துறையில் கேட்டால், "இது மதமே இல்லை, ஆன்மிகம், எல்லோருக்கும் பொது" என்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். முதலாவது மதம், அதில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இரண்டாவதில் மதம் எதுவும் இல்லை, அந்தப் பெண் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம். குழுவுக்கு ஒரு விதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கடவுளுக்கு விடுமுறை

இரண்டுமே வேண்டாம் என்பேன். சம்பளம் வேலைக்கு. தொழுகை, பூஜை, ஜெபம், பிரபஞ்ச சக்தி எல்லாம் அவரவர் வீட்டில் இருக்கட்டும். அலுவலகம் பொது இடம். ஒருவருக்குக் கதவைத் திறந்தால் வரிசையில் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

ஏழாம் நாள்

ஐயா, உங்கள் பொது இடத்துக்கு வார விடுமுறை என்றைக்கு? பெரும்பாலும் ஞாயிறாகத்தான் இருக்கும். அந்த ஞாயிறு வானத்திலிருந்து குதித்து வந்ததில்லை. 321ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணை: சூரியனுக்குரிய நாளில் நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்வெடுக்க வேண்டும், பட்டறைகளை மூட வேண்டும். பயிர் காத்திருக்காது என்பதால் உழவர்களுக்கு மட்டும் விலக்கு. நம்பிக்கைக்கும் வேலைக்கும் நடுவில் விட்டுக்கொடுப்பது அப்போதே தொடங்கிவிட்டது பாருங்கள்.

நான் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கிறவன். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். ஞாயிறு சர்ச்சுக்குப் போகிற என் சகா யாரிடமும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அவருக்காக எப்போதோ கேட்டு வாங்கிவிட்டார்கள். நான் வாய் திறந்தால் அது சலுகை. நேர்முகத் தேர்வுகளில் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும், இதைச் சொன்ன நிமிடத்தில் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார்.

கடவுளுக்கு விடுமுறை

நியாயமான அடிதான், வாங்கிக்கொள்கிறேன். அப்படியானால் பொது விடுமுறை நாளையே எடுத்துவிடலாமே? சுழற்சி முறையில் ஆளுக்கு ஒரு நாள். எந்த மதத்துக்கும் தனி நாள் கிடையாது. கணக்கு சரியாகிவிடும்.

கொடிக்கம்பம்

தோழரே, அதைச் செய்து பார்த்தாயிற்று. 1929இல் சோவியத் நாட்டில் தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு, எந்த நாளும் ஒரு பிரிவுக்கு மட்டுமே விடுப்பு. இயந்திரம் நிற்கவே நிற்காது என்பது ஆதாயம், ஞாயிறு வழிபாடு ஒழியும் என்பது கூடுதல் ஆதாயம். நடந்தது என்னவென்றால், கணவனுக்கு ஒரு நிறம் மனைவிக்கு வேறு நிறம் என்று ஆகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போனது. 1931இல் ஆறு நாள் வாரம் என்று மாற்றினார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்துவிட்டன. அதற்கும் முன்னால் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் பத்து நாள் வாரம் போட்டார்கள், நெப்போலியன் காலத்தில் 1806இல் அந்த நாள்காட்டியே போயே போச்சு.

எல்லோரும் சேர்ந்து ஓயும் நாள் கடவுளுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. நானும் கும்பிடாத ஆள்தான், அதனால் இதை நான் சொல்லலாம்.

பழைய கோப்பு

பணியாளர் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். இரவுப்பணித் தம்பி எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் நான் சொல்வதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மனிதவளத் துறையிடம் நீட்ட வேண்டாம். ஆனால் நீங்கள் எங்கே ஜாக்கிரதை வேண்டும் என்கிறீர்களோ அங்கே அவ்வளவு தேவையில்லை. எங்கே தேவையில்லை என்கிறீர்களோ அங்கேதான் பள்ளம் இருக்கிறது.

முதலாவதில் கேட்பது ஊழியர். நீங்கள் தரலாம், மறுக்கலாம், நேரத்தை மாற்றிப் பேசலாம். இரண்டாவதில் கேட்பது நிர்வாகம். சம்பள உயர்வையும் ஆண்டு மதிப்பீட்டையும் கையில் வைத்திருக்கிறவர் "வாருங்களேன்" என்று கூப்பிட்டால் அதை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அமெரிக்காவில் சுரங்கக் கருவிகள் செய்யும் டௌன்லி என்ற நிறுவனம். முதலாளி தம்பதி பக்திமான்கள். தொழிற்சாலையில் வாராந்திர வழிபாட்டுக் கூட்டம், வேலை நேரத்தில், கட்டாயம். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு தொழிலாளி விலக்கு கேட்டார். வந்துதான் ஆக வேண்டும், வேண்டுமானால் தூங்கிக்கொள், செய்தித்தாள் படித்துக்கொள் என்று பதில் வந்தது. "உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்" என்று தம்பி எழுதியிருப்பது அச்சு அசல் அதே பதில். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, அவருக்கு விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்றது. கூட்டத்தையே மூடு என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். மறுப்பவரை விட்டுவிடு, அவ்வளவுதான்.

"இது மதமே இல்லை" என்ற வாதத்துக்கு வருவோம். நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சேவை நிறுவனம். 2007 முதல் ஆனியன்ஹெட் என்ற ஒரு முறையை ஊழியர்களிடம் கொண்டுவந்தார்கள். அதை உருவாக்கியவர் நிறுவனத் தலைவரின் அத்தையோ சித்தியோ, ஏதோ ஒரு உறவு. மெழுகுவத்தி, மங்கலான விளக்கு, பிரார்த்தனை, அந்தரங்க விஷயங்களைச் சொல்லச் சொல்வது, சக ஊழியர்களிடம் "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்ல வைப்பது என்றெல்லாம் நடந்ததாக வழக்கு. நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? மதமே கிடையாது, மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ள ஒரு கருவி. 2016இல் நீதிபதி, வேலைவாய்ப்புச் சட்டத்தின் பார்வையில் இது மதம்தான் என்றார். 2018இல் ஜூரி விதித்த இழப்பீடு 51 லட்சம் டாலர்.

தம்பியின் அலுவலகப் பயிற்சியில் வரும் அந்தக் கடைசிப் பகுதி, பக்கத்தில் இருப்பவரிடம் பாரத்தை இறக்குவது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட உறுத்துகிறது. அதில் கடவுளே இல்லாவிட்டாலும் உறுத்தும்.

தியான மணி

நான் அலுவலகங்களுக்குத் தியானப் பயிற்சி தருகிறவன், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோணல் நிறுவனத்தை வைத்து எல்லாப் பயிற்சியையும் அளக்காதீர்கள். 1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கியது நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காக. எட்டு வாரப் பயிற்சி. பௌத்த மரபிலிருந்து எடுத்த முறைதான், ஆனால் வழிபாடு, குரு வணக்கம் எதுவும் இல்லாமல் வடிவமைத்தார். மருத்துவமனைகள் அதை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம். மூச்சைக் கவனிப்பது எந்த மதத்தின் சொத்தும் இல்லை. அழைப்பு மையத்தில் நாள் முழுக்க வசவு வாங்குகிறவர்களுக்குச் சில நிமிட அமைதி கிடைத்தால் அதைத் தடுக்க வேண்டுமா?

நீலமை

தடுக்கச் சொல்லவில்லை அண்ணா. ஆனால் இரவுப்பணி அண்ணன் எழுதியதில் மூச்சு மட்டுமா இருக்கிறது? திருப்பிச் சொல்லும் ஒலி இருக்கிறது, பிரபஞ்ச சக்திக்கு நன்றி இருக்கிறது. அந்த நன்றி யாருக்குப் போகிறது என்பது எனக்கு முக்கியம். உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஒரு நம்பிக்கையில் வளர்ந்தவர் அதைச் சும்மா உதட்டசைவு என்று கடந்துபோக முடியாது.

பழைய கோப்பு

தியான மணி சொன்ன அதே 1979இல் இன்னொன்றும் நடந்தது. நியூஜெர்சி அரசுப் பள்ளிகளில் ஆழ்நிலைத் தியான வகுப்பு வைத்தார்கள். மதச்சார்பற்ற விஞ்ஞானம் என்றுதான் அறிமுகம். மாணவருக்குத் தனித்தனி மந்திரம் கொடுக்கும் சடங்கில் குரு பூஜை இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மதம் சார்ந்தது என்று சொல்லி நிறுத்தியது.

தியான மணி

ஐயா, அது அரசுப் பள்ளி. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசியல் சட்டத் தடையை வைத்துச் சொன்ன தீர்ப்பு. தனியார் அலுவலகத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. மற்றபடி, இந்தப் பயிற்சியில் நன்றி சொல்லும் பகுதியை எடுத்துவிடலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வருகைப் பதிவு எடுப்பதும் முட்டாள்தனம். கட்டாயப்படுத்தி யாரையும் அமைதியாக்க முடியாது, இதை நான் நிறுவனங்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனால் வருகை குறைந்தால் பயிற்சி தோல்வி என்று அறிக்கையில் எழுதுவார்கள், அடுத்த வருடம் பயிற்சியே இருக்காது. எங்கள் தொழிலின் சங்கடம் அது.

பழைய கோப்பு

பள்ளி, அலுவலகம் என்ற வேறுபாட்டில் நீங்கள் சொல்வது சரி. கேட்பது யார் என்ற என் கேள்விக்கு இன்னும் பொருத்தமான வழக்கு கிரீஸ் நாட்டிலிருந்து வந்தது. லாரிஸிஸ் வழக்கு, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 1998. விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர், பெந்தெகொஸ்தே சபையினர். தங்களுக்குக் கீழே வேலை பார்த்த வீரர்களிடமும் மத போதனை செய்தார்கள், வெளியே பொதுமக்களிடமும் செய்தார்கள். இரண்டுக்கும் அந்த நாட்டில் தண்டனை. பொதுமக்களிடம் பேசியதற்குத் தண்டித்தது தவறு என்றது நீதிமன்றம், அது அவர்களுடைய மதச் சுதந்திரம். கீழே இருக்கும் வீரர்களிடம் பேசியதற்குத் தண்டித்ததைத் தவறு என்று சொல்லவில்லை. அதே மனிதர்கள், அதே மதம். கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து போக முடியுமா என்பதுதான் வித்தியாசம். படையின் படிநிலை மிகக் கடுமையானது, அலுவலகம் அந்த அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மேலதிகாரி பேசும்போது எழுந்து போகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீலமை

முதல் விஷயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. தொழுகைக்கு நேரம் கேட்கிற இடத்தில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் ஒருவர் எவ்வளவு யோசிப்பார் என்பது கேட்கப்படுகிறவருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த உடனே கேட்டால் ஆரம்பத்திலேயே பிரச்சினை என்பார்கள். பழகிய பிறகு கேட்டால் இத்தனை நாள் எப்படி இருந்தாய் என்பார்கள். அதனால் நிறையப் பேர் கேட்பதே இல்லை, படிக்கட்டுக்குக் கீழேயும் பொருட்கள் அடுக்கிய அறையிலும் வேகவேகமாகத் தொழுதுவிட்டு வந்துவிடுகிறோம். அன்றாடத் தொழுகைகளுக்குச் சில நிமிடம் போதும், குறிப்பிட்ட நேர வரம்புக்குள் எப்போது வேண்டுமானாலும் தொழலாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜமாஅத்தோடு, அதாவது எல்லோரோடும் சேர்ந்து, அதற்குரிய நேரத்தில். ஆண்களுக்கு அது கடமை. அவர் வெள்ளியை மட்டும் கேட்டிருக்கிறார் என்றால் மற்றதை எல்லாம் தன் இடைவேளையிலேயே சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

சிகரெட் பிடிக்கப் போகிறவர்களின் நேரத்தை யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. அவர்கள் எனக்கு நல்ல நண்பர்கள்.

இன்னொன்று. நேரம் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். நான் மென்பொருள் சோதிக்கிறவள், மார்க்க அறிஞர் கிடையாது.

ஆறு பேர் கம்பெனி

நான் சின்ன முதலாளி, பெயரே சொல்லும். பெரிய நிறுவனத்தில் ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் இருப்பார். என்னிடம் ஒருவர் போனால் ஒரு மேஜையே காலி. இங்கே எல்லோரும் உரிமை பேசுகிறீர்கள், அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பது யார் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற ஊழியர் தலையில்தானே விழும்?

கொடிக்கம்பம்

நல்ல கேள்வி, சங்கத்துக்காரன் என்ற முறையில் எனக்கும் இது பழைய தலைவலி. 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஹார்டிசன் வழக்கு. விமான நிறுவனத்தின் பராமரிப்புத் தளத்தில் உதிரிபாகக் கிடங்கு, இரவும் பகலும் திறந்திருக்கும். ஹார்டிசன் சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிப்பவர், நம்ம ஏழாம் நாள் மாதிரி. வேறு பிரிவுக்கு மாறியதில் பணிமூப்பு வரிசையில் கீழே போய்விட்டார், சனிக்கிழமை முறை வந்துவிட்டது. சங்க ஒப்பந்தப்படி முறையை மூப்புதான் தீர்மானிக்கும். அதை உடைத்து இவருக்கு இடம் கொடுத்தால் இன்னொருவருடைய சனிக்கிழமை பறிபோகும். ஹார்டிசன் தோற்றார். சங்கம் மூப்பைக் காத்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி, அற்பச் செலவுக்கு மேல் போனாலே நிர்வாகம் மறுக்கலாம் என்ற பொருளில். அதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் நிர்வாகங்கள் சுலபமாகக் கைவிரித்தன.

2023இல் க்ராஃப் வழக்கில் அதைத் திருத்தினார்கள். அஞ்சல் ஊழியர், ஞாயிறு பொட்டலம் கொடுக்க மாட்டேன் என்றவர். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது: நிறுவனத்தின் அளவையும் தன்மையையும் வைத்துப் பார்த்து, கணிசமான கூடுதல் சுமை வந்தால்தான் மறுக்கலாம். ஆறு பேர் கம்பெனி அண்ணனுக்கு ஒரு மேஜை காலி என்பது உண்மையான சுமையாக இருக்கலாம். பெரிய அஞ்சல் துறைக்கு அது வேறு கணக்கு. அதே தீர்ப்பில் இரவுப்பணிக்கு வேண்டியதும் இருக்கிறது. ஒரு மதத்தின் மீதோ, மதத்துக்கு இடம் கொடுப்பதன் மீதோ சக ஊழியர்களுக்கு உள்ள வெறுப்பைச் சுமை என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஆகவே அந்த இரண்டு பேரின் முணுமுணுப்பைப் பிரித்துப் பாருங்கள். "அவர் போகும் நேரத்தில் எனக்கு அழைப்பு இரட்டிப்பாகிறது" என்றால் அது வேலைப் புகார். அழைப்பு அட்டவணையை எடுத்துப் பாருங்கள், தேவைப்பட்டால் ஆள் போடுங்கள் அல்லது அந்த நேரத்தைச் சுழற்சியில் விடுங்கள். "அவருக்கு மட்டும் ஏன்" என்றால் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும். முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவதன் சத்தம் குறையும் என்பது என் அனுபவம்.

ஏழாம் நாள்

கனடாவில் 1985இல் ஓமாலி என்ற கடை ஊழியருடைய வழக்கு எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்ததால் முழுநேர வேலையை இழந்தவர். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், யாரையும் குறிவைக்கவில்லை என்று நிர்வாகம் சொன்னது. குறிவைக்காவிட்டாலும் ஒருவர் மேல் மட்டும் பாரம் விழுந்தால் அதுவும் பாகுபாடுதான் என்றது உச்ச நீதிமன்றம். அதே நாளில் அதே நீதிமன்றம் சொன்ன இன்னொரு தீர்ப்பில் ரயில்வே மின்பணியாளரான ஒரு சீக்கியர் தோற்றார். டர்பனுக்குப் பதில் பாதுகாப்புத் தொப்பி அணிய மாட்டேன் என்றவர். அந்த இரண்டாவது தீர்ப்பை ஐந்து வருடம் கழித்து அதே நீதிமன்றமே சரியில்லை என்றது. இந்த விஷயத்தில் நீதிபதிகளுக்கே கை நடுங்கியிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு மேற்பார்வையாளர் தடுமாறுவதில் ஆச்சரியம் என்ன?

கடவுளுக்கு விடுமுறை

ஐரோப்பாவில் என் பக்கமும் காற்று அடித்திருக்கிறது. 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், எல்லா மதச் சின்னத்துக்கும் ஒரே மாதிரி தடை என்றால் நிறுவனம் அப்படி நடுநிலை விதி வைக்கலாம் என்றது. பெல்ஜியத்தில் ஒரு வரவேற்பாளரின் தலைமுக்காடு பற்றிய வழக்கு.

பழைய கோப்பு

ஆமாம். 2021இல் அதே நீதிமன்றம் கூடுதலாக ஒன்று சொன்னது. நடுநிலை வேண்டும் என்று வெறுமனே ஆசைப்பட்டால் போதாது, அதற்கு உண்மையான தேவை இருப்பதை நிறுவனம் காட்ட வேண்டும். பெரிய சின்னத்துக்கு மட்டும் தடை, சின்னதுக்கு இல்லை என்றால் அதுவும் ஒரு சாராரை மட்டும் தாக்கும் என்றது.

சின்னங்களைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தது 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலிருந்து வந்த இவெய்டா தீர்ப்புதான். ஒரே தீர்ப்பில் இரண்டு சிலுவைச் சங்கிலி. ஒன்று விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் பெண்ணுடையது. நிறுவனத்தின் தோற்றம் கெட்டுவிடும் என்பதுதான் தடைக்குக் காரணம், அவர் வென்றார். இன்னொன்று முதியோர் வார்டில் வேலை பார்த்த செவிலியருடையது. நோயாளி பிடித்து இழுத்தால் காயம், தொற்று என்பது காரணம், அவர் தோற்றார். சங்கிலியைப் பார்க்காமல் தடைக்கான காரணத்தை எடைபோட்டார்கள். எந்த விதியைப் பார்த்தாலும் நான் முதலில் அந்தக் காரணத்தைத்தான் தேடுவேன்.

மட்டுறுத்துநர்

எந்த மதம் எந்த மதத்தை விட மேல் என்று தொடங்கிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பணியிடம் பற்றி மட்டும் பேசவும்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. தொழுகை விஷயத்தில் தோழர் சொன்ன மாதிரி அழைப்பு அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். நெருக்கடி உண்மைதான், ஆனால் அவர் போகும் நேரத்தின் முதல் பாதியில் மட்டும். இடைவேளையை முன்பின் நகர்த்தினால் சமாளிக்கலாம் போலிருக்கிறது. அப்படியே அவரிடம் பேசப் போகிறேன்.

பயிற்சி விஷயத்தில்தான் கை கட்டப்பட்ட மாதிரி இருக்கிறது. அது என் முடிவு இல்லை, மேலிடத்தில் ஒருவருக்கு அந்தப் பயிற்சியாளர் மேல் பெரிய பக்தி. "கட்டாயம்" என்ற சொல்லை எடுங்கள் என்று எழுதினால் நான் எதிர்க்கிறேன் என்று ஆகிவிடும். எப்படி எழுதுவது?

பழைய கோப்பு

பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். மதமா இல்லையா என்ற விவாதத்துக்குள்ளும் போகாதீர்கள், அங்கே போனால் விடிந்துவிடும். பயிற்சியின் பகுதிகளைப் பிரித்துக் கேளுங்கள். மூச்சுப் பயிற்சி, ஒலி, நன்றி, பகிர்வு என்று நான்கு. எது வேலைக்குத் தேவை, எது விருப்பம் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். "வேலைக்குத் தேவை" என்று எழுத்தில் குறிக்க வேண்டும் என்றால் யாருக்கும் கொஞ்சம் கை தயங்கும்.

விலக்கு வேண்டுபவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வரி சேருங்கள். இது முக்கியம். நம்பிக்கை உள்ளவரும், நம்பிக்கையே இல்லாதவரும், வீட்டில் துக்கம் நடந்து கண்ணை மூடினால் அழுகை வருகிறவரும் ஒரே கதவால் வெளியே போக முடிய வேண்டும். காரணம் கேட்டால் முதல் ஆள் மட்டும்தான் போக முடியும், அவரும் முத்திரை குத்தப்பட்டுத்தான் போவார். அப்புறம், வெளியே இருப்பவருக்கு அந்த நேரத்தில் வழக்கமான வேலை கொடுங்கள். தாழ்வாரத்தில் நிற்க வைக்காதீர்கள்.

கடவுளுக்கு விடுமுறை

காரணம் கேட்காத விதி என்றால் எனக்குச் சம்மதம். அதே விதியைத் தொழுகைக்கும் வையுங்கள். "வாரம் ஒருமுறை, ஈடுகட்டும் நிபந்தனையோடு இடைவேளையை நீட்டிக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம்" என்று எல்லோருக்கும் கொடுங்கள். ஒருவர் தொழட்டும், ஒருவர் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரட்டும், நான் தூங்குகிறேன்.

நீலமை

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே பயம், எல்லோரும் வெள்ளிக்கிழமையையே கேட்டுவிட்டால் குலுக்கல் போடுவீர்கள். தூங்குகிறவர் வியாழனுக்கு மாறலாம், தொழுகிறவர் மாற முடியாது. நாளை மாற்ற முடியாதவருக்கு முன்னுரிமை என்று ஒரு வரி வேண்டும். அதைச் சேர்த்தவுடன் காரணம் கேட்க வேண்டிவரும், அதையும் பார்க்கிறேன்.

கடவுளுக்கு விடுமுறை

ஆக, சுற்றிச் சுற்றி என்னை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டீர்கள் சகோதரி. சரி, தூக்கத்துக்கு வியாழன் போதும்.

தியான மணி

பழைய கோப்பு ஐயாவின் யோசனை எனக்கும் ஏற்புதான், ஒரு திருத்தத்தோடு. பகிர்வுப் பகுதியை விருப்பம் என்று போட்டால்கூட, மேலதிகாரி அறையில் இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒன்று அதை நீக்குங்கள், இல்லையென்றால் மேலதிகாரிகள் இல்லாத குழுவில் வையுங்கள். அந்தப் பயிற்சியாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆளை மாற்றுவது நல்லது.

கொடிக்கம்பம்

இரவுப்பணிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. மேலிடத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்தப் பெண்ணின் பெயரைப் போடாதீர்கள், அவர் எந்த மதம் என்றும் எழுதாதீர்கள். "சிலருக்கு ஆட்சேபம் உள்ளது" என்பதே போதும். யார் யார், என்ன நம்பிக்கை என்று பட்டியல் கேட்டால், விலக்கு வேண்டுவோர் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு விதி, மத நம்பிக்கையை உடல்நலத் தகவலோடு சேர்த்துச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டிய தரவாக வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே மேலே போன "ஒத்துழைப்பதில்லை" என்ற குறிப்பையும் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லித் தனியாக எழுதிக் கேளுங்கள். ஆண்டு மதிப்பீட்டுக்கு முன்னால் கேளுங்கள். மதிப்பெண் போட்ட பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.